துரைப்பாக்கத்தில் ஒரு பகல்நேரக் காப்பகம்: சுத்தம் குறித்த புகாரும் ஆள் கணக்கும்

சென்னை துரைப்பாக்கத்தில், பழைய மகாபலிபுரம் சாலையிலிருந்து சற்று உள்ளே, ஒரு தனி வீட்டை வாடகைக்கு எடுத்து நடத்தும் பகல்நேரக் குழந்தைகள் காப்பகத்தைப் பற்றிய மதிப்புரை இது. எட்டு மாதக் கைக்குழந்தையிலிருந்து பள்ளி விட்டு வரும் பத்து வயதுப் பிள்ளை வரை ஏறத்தாழ 40 பேர் அங்கே இருக்கிறார்கள். காலை 8 மணிக்குத் திறந்து இரவு 7 மணிக்கு மூடுகிறார்கள். முழு நாள் கட்டணம் மாதம் 8,500 ரூபாய். ஒன்றரை வயதுக்குக் குறைந்த குழந்தைக்கு 11,000 ரூபாய். மதிய உணவு வேண்டுமென்றால் தனியாக 1,500 ரூபாய். என் மகளையும் அங்கேதான் விட்டிருக்கிறோம். காப்பகத்தின் பெயரை நான் எழுதவில்லை. இங்கே சொல்லப்போகும் குறைகள் இந்தச் சாலையை ஒட்டிய பல காப்பகங்களுக்கும் பொருந்தும் என்பது ஒரு காரணம். கேட்டவுடன் கதவைத் திறந்து, பதிவேடுகளையும் காட்டிய நிர்வாகிக்கு நான் செலுத்த வேண்டிய நியாயம் மற்றொரு காரணம்.

பெற்றோர்களிடையே சில மாதங்களாகவே முணுமுணுப்பு இருந்துவந்தது. குழந்தையின் டயப்பர் மதியம் முழுவதும் மாற்றப்படாமல் இருந்து, இடுப்பெல்லாம் புண்ணாகிவிட்டதாக ஒரு தாய் சொன்னார். படுக்கை விரிப்புகளில் மூத்திர வாடை வருகிறது என்றார் இன்னொருவர். ஒரே வாரத்தில் பல குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கு வந்தது. கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயா அடிக்கடி மாறுகிறார். முகம் பழகுவதற்குள் அடுத்தவர் வந்துவிடுகிறார். மாலையில் அழைக்கப் போனால் பெரியவர் ஒருவர்தான் கண்ணில் படுகிறார். பிற்பகலில் கைப்பேசிச் செயலியில் சிசிடிவி படம் வருவதில்லை. ஒவ்வொரு புகாரும் தனித்தனியாகச் சொல்லப்பட்டபோது, ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக ஒரு சமாதானமும் கிடைத்துக்கொண்டிருந்தது. அதனால், எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு நேரில் பார்த்துவிடுவது என்று பெற்றோர் சிலர் முடிவு செய்தோம். எங்களில் ஒருவர் அரசு மருத்துவமனை ஒன்றின் குழந்தைகள் பிரிவில் செவிலியராக இருப்பவர். இந்த மதிப்புரையில் மருத்துவம் சார்ந்து நான் எழுதும் பலவற்றைக் கவனிக்கச் சொல்லிக்கொடுத்தவர் அவரே. நிர்வாகியிடம் எழுத்துமூலம் அனுமதி பெற்று, வெவ்வேறு வேளைகளில் போய்ப் பார்த்தோம்.

முதலில் நல்லவற்றைச் சொல்லிவிடுகிறேன். வீடு காற்றோட்டமானது. சன்னல்களுக்குக் கொசுவலை அடித்திருக்கிறார்கள். மாடிப்படியின் இரு முனைகளிலும் தடுப்புக் கதவு உண்டு. மின்சாரப் பிளக்குகள் மூடப்பட்டிருக்கின்றன. குழந்தையை அழைத்துச் செல்பவரின் அடையாள அட்டையைப் பார்க்காமல் அனுப்புவதில்லை. குழந்தையை அடித்ததாகவோ அதட்டியதாகவோ ஒரு புகாரும் இல்லை. நாங்கள் பார்த்த ஆயாக்கள் எல்லோரும் குழந்தைகளிடம் பரிவோடுதான் நடந்துகொண்டார்கள். காலை 11 மணிக்கு யார் போய்ப் பார்த்தாலும் திருப்தியோடு திரும்பலாம். சேர்க்கைக்காக வரும் பெற்றோரை அந்த வேளையில்தான் வரச் சொல்கிறார்கள். நாங்களும் அப்படிப் பார்த்துவிட்டுச் சேர்த்தவர்கள்தாம்.

கைக்குழந்தைகளின் அறையில்தான் எங்களுக்கு விஷயம் புரியத் தொடங்கியது. ஒன்றரை வயதுக்குக் குறைந்தவர்கள் ஒன்பது பேர். அவர்களுக்கு ஓர் ஆயா. டயப்பர் மாற்ற, அறையின் மூலையில் தரையில் ஒரு ரெக்ஸின் பாய் விரித்திருக்கிறார்கள். அந்த அறைக்குள் தண்ணீர்க் குழாய் கிடையாது. கை கழுவ வேண்டுமானால் தடுப்புக் கதவைத் திறந்து, கூடத்தைக் கடந்து, பின்கட்டிலுள்ள வாஷ்பேசினுக்குப் போக வேண்டும். ஒன்பது கைக்குழந்தைகளைத் தனியே விட்டுவிட்டு அந்த ஆயா எப்படிப் போவார்? அவர் போவதில்லை. சுவரில் மாட்டியிருக்கும் சானிடைசரைத் தேய்த்துக்கொண்டு அடுத்த குழந்தையைத் தூக்குகிறார். கண்ணுக்குத் தெரியும் அழுக்குப் படிந்த கையில் சானிடைசர் சரியாக வேலை செய்யாது. வயிற்றுப்போக்கை உண்டாக்கும் நோரோவைரஸ் போன்ற கிருமிகளிடமும் அதன் பலம் குறைவு. அங்கே சோப்பும் ஓடும் தண்ணீரும்தான் வேண்டும். குறைந்தது 20 நொடி தேய்த்துக் கழுவவும் வேண்டும். "கை கழுவப் போனா இங்க யாரு சார் பாத்துக்கிறது?" என்று அந்த ஆயா கேட்டபோது எங்களிடம் பதில் இல்லை. சுத்தம் குறித்த பயிற்சி அவருக்குத் தரப்பட்டிருக்கிறது. என்ன செய்ய வேண்டும் என்பதும் அவருக்குத் தெரிந்தே இருக்கிறது.

அன்று மாலை செவிலியர் ஒரு கணக்குப் போட்டுக் காட்டினார். ஒரு கைக்குழந்தைக்குப் பகல் பொழுதில் ஐந்து முறை டயப்பர் மாற்ற வேண்டியிருக்கும் என்று வைத்துக்கொள்வோம். துடைத்து, மாற்றி, பாயைச் சுத்தம் செய்து, கை கழுவி முடிக்க ஒரு முறைக்கு ஆறு நிமிடம் ஆகும். ஒன்பது குழந்தைகளுக்கு 45 முறை, 270 நிமிடம், அதாவது நாலரை மணி நேரம். பாலோ கஞ்சியோ ஒரு நாளைக்கு மூன்று முறை, மடியில் வைத்து ஊட்ட ஒரு முறைக்கு 20 நிமிடம் என்றால், அது மட்டும் ஒன்பது மணி நேரம். இரண்டையும் கூட்டினால் பதின்மூன்றரை மணி நேர வேலை. காப்பகம் திறந்திருப்பதோ பதினொரு மணி நேரம். தூங்கவைப்பது, அழுகிற குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டுவது, வாந்தியெடுத்தால் துடைப்பது, அந்த ஆயா தாமே சாப்பிடுவது ஆகிய எதுவும் இந்தக் கணக்கில் சேரவில்லை. நேரம் போதாதபோது எதையாவது விட்டுத்தான் ஆக வேண்டும். அழும் குழந்தையை விட முடியாது, பசித்த குழந்தையை விட முடியாது. சத்தமில்லாமல் விட்டுவிடக்கூடியவை நனைந்த டயப்பரும் கை கழுவுவதும் மட்டுமே. எங்கள் தாளில் சுத்தம் என்ற தலைப்பில் எழுதியிருந்த புகார்களில் பெரும்பாலானவற்றை அன்றிரவே ஆள் பற்றாக்குறை என்ற தலைப்புக்கு மாற்றினோம்.

பணியாளர் பதிவேட்டில் ஆறு பெயர்கள் இருந்தன. அவர்களில் இருவர் முன்பே வேலையை விட்டுப் போனவர்கள். மீதி நால்வரோடு, காலை 9.30 முதல் 12.30 வரை பாடல், விளையாட்டு சொல்லித்தர ஓர் ஆசிரியை வருகிறார். ஆக, காலையில் பெரியவர்கள் ஐந்து பேர். மதியம் ஒன்றரை மணிக்கு மேல், குழந்தைகள் தூங்கும் வேளையில், பணியாளர்கள் மாறி மாறிச் சாப்பிடப் போகிறார்கள். சமையல் செய்பவர் பாத்திரம் துலக்குகிறார். அப்போது குழந்தைகளோடு இருப்பவர்கள் இருவர். மாலை மூன்றரைக்குப் பிறகு பள்ளிப் பிள்ளைகள் வேனில் வந்து இறங்குகிறார்கள். குழந்தைகளின் எண்ணிக்கை உச்சத்துக்குப் போவது அந்த நேரத்தில்தான். ஐந்தரைக்குச் சமையல்காரரும் ஓர் ஆயாவும் வீடு திரும்பிவிடுகிறார்கள். இன்னோர் ஆயா ஆறு மணிக்குக் கிளம்புகிறார். அதன் பின் ஏழு மணி வரை, மென்பொருள் நிறுவனங்களின் வேலை நேரத்துக்கும் சாலை நெரிசலுக்கும் இடையே சிக்கிக்கொண்ட பெற்றோர் வந்து சேரும் வரை, ஓர் ஆயாவும் வாசலில் ஒரு காவலாளியும் மட்டுமே. அந்த நேரத்தில் நாங்கள் போனபோது 17 குழந்தைகள் இருந்தார்கள். அவர்களில் ஒரு குழந்தை மேல்மாடிக் கழிப்பறைக்குப் போனால், கீழே இருக்கும் பதினாறு பேரையும் அந்தக் குழந்தையையும் ஒரே ஆள் ஒரே நேரத்தில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

என்னை மிகவும் கலங்கவைத்த விஷயம் சமையலறையில் இருந்தது. ஆயா விடுப்பு எடுத்த நாள்களில், சமையல் செய்பவரே கைக்குழந்தைகளின் அறைக்கு மாற்றப்படுகிறார். டயப்பர் மாற்றிய கை, சாதம் பிசைகிற கையாகவும் ஆகிவிடுகிறது. கழிப்பறைப் பணியையும் உணவுப் பணியையும் ஒருவரிடமே கொடுக்கக் கூடாது என்பது உணவுச் சுகாதாரத்தின் அரிச்சுவடி. ஒரே வாரத்தில் பல குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கு வந்ததற்கு இதுதான் காரணம் என்று என்னால் அறுதியிட்டுச் சொல்ல முடியாது. பரிசோதனை எதுவும் செய்யப்படவில்லை. ஆனால் அந்த வாரத்தின் வருகைப் பதிவேட்டில் ஆயாவின் பெயருக்கு நேரே தொடர்ந்து விடுப்பு குறிக்கப்பட்டிருந்ததைக் கண்டோம். நிர்வாகியும் அதை மறுக்கவில்லை.

பால் புட்டிகள் குறித்தும் சொல்ல வேண்டும். வீட்டிலேயே பவுடர் பாலைக் கலந்து, காலை எட்டு மணிக்குக் கொடுத்துவிட்டுப் போகும் பெற்றோர் சிலர் இருக்கிறார்கள். அந்தப் பால் பத்தரை, பதினொரு மணிக்குக் குழந்தையின் வாய்க்குப் போகிறது. கலந்த பாலைக் குளிர்பதனத்தில் வைக்காவிட்டால் இரண்டு மணி நேரத்துக்குள் கொடுத்துவிட வேண்டும் என்பதும், 70 பாகைக்குக் குறையாத வெந்நீரில்தான் பவுடரைக் கரைக்க வேண்டும் என்பதும் உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. சென்னை வெயிலில் இதைக் கடைப்பிடிப்பது இன்னும் அவசியம். காப்பகத்தில் குளிர்பதனப் பெட்டி இருக்கிறது. ஆனால் புட்டிகளுக்குப் பெயரும் நேரமும் எழுதி அடுக்கி வைக்க, காலை நேர நெரிசலில் ஒருவருக்கும் கை ஒழியவில்லை. இந்தத் தவற்றில் பெற்றோராகிய எங்களுக்கும் பங்கு உண்டு. பவுடரையும் புட்டியையும் தனித்தனியாகக் கொடுத்திருந்தால் பாதிச் சிக்கல் தீர்ந்திருக்கும்.

வீட்டுக்குள் நுழைந்ததும் பினாயில் வாடை மூக்கைத் துளைக்கும். அந்த வாடையைச் சுத்தத்தின் சான்றாக எடுத்துக்கொள்ளும் பழக்கம் நம்மிடம் வேரூன்றியிருக்கிறது. நிர்வாகியும் அதைப் பெருமையாகவே குறிப்பிட்டார். தரையைக் காலையிலும் மாலையிலும் துடைக்கிறார்கள் என்பது உண்மைதான். ஆனால் கைக்குழந்தை நாள் முழுவதும் வாயில் வைப்பது பொம்மைகளை. அவற்றை வாரம் ஒருமுறைதான் கழுவுகிறார்கள். டயப்பர் மாற்றும் பாயை ஒவ்வொரு முறையும் துடைக்கிற துணி ஒரே துணி; அது வாளியில் ஊறியபடியே கிடக்கிறது. கிருமி நீக்கத்துக்கு விலையுயர்ந்த பொருள் எதுவும் தேவையில்லை. ஐந்து சதவீத ஹைப்போகுளோரைட் திரவத்தில் ஒரு பங்குக்கு 49 பங்கு தண்ணீர் சேர்த்தால் 0.1 சதவீதக் கரைசல் கிடைக்கும். முதலில் அழுக்கைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, பிறகு இந்தக் கரைசலைத் தடவிப் பத்து நிமிடம் விட்டு, நல்ல தண்ணீரில் அலச வேண்டும். அழுக்கின் மேலேயே ஊற்றினால் குளோரினின் வீரியம் வீணாகிவிடும். கழிப்பறைக்கு ஊற்றும் அமிலத்தோடு இதைக் கலந்துவிடக் கூடாது, நச்சு வாயு கிளம்பும். இரண்டும் ஒரே அலமாரியில் பக்கத்துப் பக்கத்தில் இருந்ததைச் சுட்டிக்காட்டியதும் உடனே பிரித்து வைத்தார்கள். சொன்னால் கேட்கிறார்கள், செய்கிறார்கள். நாள்தோறும் செய்வதற்குத்தான் ஆள் இல்லை.

குடிநீருக்கு 20 லிட்டர் கேன் வாங்குகிறார்கள். கேனில், அடைத்து விற்கும் குடிநீருக்கான ஐஎஸ் 14543 தர முத்திரை இருந்தது. ஆனால் அதன் அருகில் இருந்த டம்ளர்கள் பொதுவானவை. ஒரு குழந்தை குடித்து வைத்ததை அடுத்த குழந்தை எடுத்துக் குடிக்கிறது. புழக்கத்துக்கான தண்ணீர், இந்தப் பகுதியில் பலருக்கும் போல, லாரியில் வந்து கீழ்த்தொட்டியில் இறங்குவதுதான்.

கையிலும் காலிலும் வாயிலும் கொப்புளம் வரும் கை, கால், வாய் நோயும் காப்பகத்தில் பரவியிருந்தது. அந்த விவகாரத்தில் காப்பகத்தை மட்டும் குற்றம் சொல்வது நேர்மையாகாது. 2022ஆம் ஆண்டு கேரளத்தின் கொல்லத்தில் தொடங்கித் தக்காளிக் காய்ச்சல் என்ற பெயரில் செய்திகளில் அடிபட்டதன் பின்னணியிலும் இந்த நோய்தான் இருந்தது. எச்சிலிலும் சளியிலும் கொப்புள நீரிலும் மலத்திலும் இதன் கிருமி இருக்கும். புண் ஆறிய பிறகும் மலத்தில் வாரக்கணக்கில் வெளியேறிக்கொண்டிருக்கும். அதனால் குழந்தை குணமாகித் திரும்பிய பின்னரும், டயப்பர் மாற்றுபவர் கை கழுவுவதைப் பொறுத்தே மற்றக் குழந்தைகளின் நலம் இருக்கிறது. ஆனால் அந்த நோய் வீட்டுக்குள் எப்படி வந்தது என்று விசாரித்தபோது, காய்ச்சல் இருந்த குழந்தைக்குக் காலையில் பாராசிட்டமால் கொடுத்து, உடம்பு சில்லிட்டதும் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போன பெற்றோர் இருந்தது தெரியவந்தது. மருந்தின் வேகம் நான்கு முதல் ஆறு மணி நேரத்தில் இறங்கிவிடும். பதினொன்றரை, பன்னிரண்டு மணிக்குக் குழந்தை மீண்டும் கொதிக்கும்போது, அது மற்றவர்களோடு விளையாடி முடித்திருக்கும். விடுப்பு கிடைக்காத வேலையின் நெருக்கடி எனக்கும் தெரியும். அதற்காக இதைச் சரியென்று சொல்ல மாட்டேன். காலையில் வாசலில் நின்று ஒவ்வொரு குழந்தையின் உடம்பையும் தொட்டுப் பார்த்து, உள்ளங்கையையும் வாயையும் கவனித்து, வேண்டுமானால் திருப்பி அனுப்பும் அதிகாரத்தோடு ஒருவர் நிற்க வேண்டும். அந்த வேலைக்கும் ஓர் ஆள் வேண்டும்.

நிரூபணமாகாத ஒரு புகாரையும் சொல்லிவிட வேண்டும். மதியத்தில் குழந்தைகள் அசந்து தூங்குவதற்குத் தூக்க மருந்து கொடுக்கிறார்கள் என்ற பேச்சு பெற்றோர் நடுவே வேகமாகப் பரவியிருந்தது. மருந்துப் பெட்டியையும், மருந்து கொடுத்த பதிவேட்டையும், குழந்தைகள் விழித்தெழும் விதத்தையும் செவிலியர் கூர்ந்து கவனித்தார். அப்படி எதுவும் நடப்பதற்கான தடயம் இல்லை. பெற்றோர் எழுதிக் கொடுத்த மருந்துகள் மட்டுமே, பெயர் ஒட்டி, தனித்தனியாக இருந்தன. சிசிடிவி விஷயமும் அப்படித்தான். படம் வராததற்குக் காரணம் மதிய நேரத்தில் மின்தடையின்போது இன்வெர்ட்டரில் அது இணைக்கப்படாதிருந்தது. ஆதாரமில்லாத ஒரு குற்றச்சாட்டைப் பரப்பினால், ஆதாரமுள்ள மற்ற ஐந்தையும் சேர்த்து ஒதுக்கித் தள்ளுவதற்கு நிர்வாகத்துக்கு வசதியாகிவிடும். அந்தப் பேச்சைத் தொடங்கிவைத்தவர்களிடம் இதை நேரிலேயே சொன்னோம்.

ஆயாக்கள் ஏன் நிலைப்பதில்லை? அவர்களில் பெரும்பாலோர் பக்கத்திலுள்ள மறுகுடியமர்வுக் குடியிருப்பான கண்ணகி நகரிலிருந்து வருகிறார்கள். மாதச் சம்பளம் 9,000 ரூபாய். ஞாயிறு மட்டும் விடுமுறை. வேறு விடுப்பு எடுத்தால் சம்பளம் பிடிக்கப்படும். அதே தெருக்களில் உள்ள அடுக்ககங்களில் இரண்டு வீடுகளில் பாத்திரம் துலக்கி வீடு கூட்டினால், நாளில் பாதி நேரத்தில் இதற்கு ஈடான தொகை கிடைக்கிறது. அலுவலகங்களின் துப்புரவுப் பணியில் சேர்ந்தால் வருங்கால வைப்பு நிதி பிடித்தமும் இருக்கும். இடுப்பு ஒடியக் குனிந்து நிமிர்ந்து, ஒன்பது குழந்தைகளின் அழுகையைத் தனியாளாகத் தாங்கி, குழந்தைக்கு ஒரு கீறல் விழுந்தாலும் பெற்றோரிடம் பேச்சு வாங்கும் வேலைக்கு அவர்கள் ஏன் வர வேண்டும், வந்தாலும் ஏன் தங்க வேண்டும்? ஓர் ஆயா தம் மூன்று வயது மகனை அங்கன்வாடியில் விட்டு வருகிறார். மாலையில் அது மூடிய பிறகு பக்கத்து வீட்டார் பார்த்துக்கொள்கிறார்கள். எங்கள் குழந்தைகளை ஏழு மணி வரை தூக்கிவைத்திருக்கும் அந்தப் பெண்ணுக்கு, தம் பிள்ளையை அந்த நேரத்தில் யாரிடம் விடுவது என்பதே பெருங்கவலையாக இருக்கிறது. ஆயா மாறுவதைக் குறித்து எங்கள் தாளில் புகாராக எழுதியிருந்த வரியை இதற்குப் பிறகு என்னால் அதே கோபத்தோடு படிக்க முடியவில்லை.

எத்தனை குழந்தைக்கு எத்தனை பேர் இருக்க வேண்டும் என்று நிர்வாகி எங்களைத் திருப்பிக் கேட்டார். நியாயமான கேள்வி. இந்தியாவில் தனியார் பகல்நேரக் காப்பகங்கள் அனைத்துக்கும் பொதுவான ஒரே உரிமச் சட்டம் கிடையாது. மூன்று முதல் ஆறு வயதுக்கான தனியார் மழலையர் விளையாட்டுப் பள்ளிகளுக்குத் தேசியக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையம் வகுத்த வழிகாட்டு நெறிமுறை, 20 குழந்தைகளுக்கு ஓர் ஆசிரியரும் ஒரு பராமரிப்பாளரும் வேண்டும் என்கிறது. கைக்குழந்தைகளுக்கு அந்த அளவு பொருந்தாது. இங்கிலாந்தில் இரண்டு வயதுக்குட்பட்ட மூன்று குழந்தைகளுக்கு ஒருவர் இருக்க வேண்டும். சிங்கப்பூரில் ஒன்றரை வயதுக்குட்பட்ட ஐந்து குழந்தைகளுக்கு ஒருவர். அந்த நாடுகளின் கட்டணமும் ஊதியமும் வேறு என்பது உண்மையே. ஆனால் குழந்தைக்கு டயப்பர் மாற்ற ஆகும் நேரம் எந்த நாட்டிலும் ஒன்றுதான். நம் நாட்டிலேயே, 2025 வரை நடைமுறையில் இருந்த 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், 30 பெண் தொழிலாளர்களுக்கு மேல் உள்ள ஆலைகளில் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குக் காப்பறை அமைக்கச் சொன்ன 48ஆம் பிரிவில், அந்த அறை சுத்தமாகவும் சுகாதாரமாகவும் பராமரிக்கப்பட வேண்டும் என்பதையும், குழந்தை வளர்ப்பில் பயிற்சி பெற்ற பெண்களின் பொறுப்பில் இருக்க வேண்டும் என்பதையும் ஒரே வாக்கியத்தில் சேர்த்தே சொன்னது. சுத்தத்தையும் ஆளையும் பிரித்துப் பார்க்க முடியாது என்பதை அந்தச் சட்டத்தை எழுதியவர்கள் அறிந்திருந்தார்கள்.

2017ஆம் ஆண்டு மகப்பேறு நலச் சட்டத்தில் கொண்டுவந்த திருத்தம், 50 பேரோ அதற்கு மேலோ பணிபுரியும் நிறுவனங்கள் குழந்தைகள் காப்பக வசதி செய்து தர வேண்டும் என்றும், தாய் ஒரு நாளில் நான்கு முறை போய்க் குழந்தையைப் பார்க்கலாம் என்றும் விதித்தது. எங்கள் காப்பகத்திலுள்ள குழந்தைகளில் கணிசமானோர், ஒரு மென்பொருள் நிறுவனம் இந்தக் கடமையை நிறைவேற்றச் செய்துகொண்ட ஒப்பந்தத்தின் வழியாக வந்தவர்கள். அந்த நிறுவனம் கட்டணத்தில் ஒரு பகுதியைச் செலுத்துகிறது. ஆனால் ஒப்பந்தம் போட்ட நாளுக்குப் பின் அதன் மனிதவளப் பிரிவிலிருந்து யாரும் வந்து பார்த்ததில்லை என்று நிர்வாகியே சொன்னார். மாலை ஆறு மணிக்கு எத்தனை பெரியவர்கள் இருக்கிறார்கள் என்று தனியொரு பெற்றோர் கேட்பதற்கும், பதினைந்து குழந்தைகளுக்குப் பணம் செலுத்தும் நிறுவனம் கேட்பதற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேறுபாடு உண்டு. இந்த மதிப்புரையைப் படிக்கும் மனிதவள அலுவலர் யாராவது இருந்தால், தம் நிறுவனம் பணம் செலுத்தும் காப்பகத்துக்கு மாலை ஆறு மணிக்கு, முன்னறிவிப்பில்லாமல், ஒருமுறை போய்வர வேண்டுகிறேன்.

கட்டணத்தை ஏற்றாமல் ஆள் சேர்க்க முடியாது, ஏற்றினால் பெற்றோர் வேறு இடம் பார்த்துப் போய்விடுவார்கள் என்பது நிர்வாகியின் வாதம். அதையும் கணக்குப் போட்டுப் பார்த்தோம். 12,000 ரூபாய் சம்பளத்தில் இரண்டு ஆயாக்களைக் கூடுதலாக நியமித்தால் மாதம் 24,000 ரூபாய். 40 குழந்தைகளுக்குப் பிரித்தால் தலைக்கு 600 ரூபாய். இப்போதிருக்கும் நால்வரின் சம்பளத்தையும் 12,000 ஆக்கினால் இன்னும் 300 ரூபாய். வயிற்றுப்போக்குக்கு ஒருமுறை மருத்துவரிடம் போய் மருந்து வாங்கினாலே இந்தத் தொகை கரைந்துவிடும். பெற்றோர் கூட்டத்தில் இதை வைத்தபோது பெரும்பாலோர் ஒப்புக்கொண்டார்கள். இரண்டு பிள்ளைகளை விட்டிருக்கும் குடும்பங்கள் சிரமத்தைச் சொன்னார்கள். அவர்களுக்கு ஒரு பிள்ளைக்கு மட்டும் உயர்வு என்று முடிவானது. கூட்டிய கட்டணம் ஆயாக்களின் கைக்குப் போகிறதா என்று பெற்றோர் இருவர் மாதந்தோறும் சம்பளப் பதிவேட்டைப் பார்ப்பதற்கும் நிர்வாகி சம்மதித்தார். அவர் தயங்கியது ஒரு விஷயத்தில் மட்டும்தான். கைக்குழந்தைகளின் சேர்க்கையை ஆறோடு நிறுத்த வேண்டும் என்று நாங்கள் கேட்டோம். 11,000 ரூபாய் கட்டணம் வரும் இடங்களைக் குறைக்க அவருக்கு மனம் வரவில்லை.

இதை எழுதும்போது உள்ள நிலைமை இது. கைக்குழந்தைகளின் அறைக்குள்ளேயே குழாயும் சிறிய தொட்டியும் வைத்துவிட்டார்கள். பக்கத்தில் திரவச் சோப்பு இருக்கிறது. டயப்பர் மாற்றிய நேரத்தைக் குழந்தை வாரியாக எழுதும் அட்டை கதவில் தொங்குகிறது. சமையல் செய்பவரை அந்த அறைக்கு அனுப்புவது நின்றுவிட்டது. ஒவ்வொரு குழந்தைக்கும் பெயர் எழுதிய டம்ளரை வீட்டிலிருந்து கொண்டுவரச் சொல்லிவிட்டார்கள். இரண்டு ஆயாக்களில் ஒருவர் சேர்ந்துவிட்டார்; மற்றொருவர் கிடைக்கவில்லை. கைக்குழந்தைகள் இன்னும் ஒன்பது பேர்தான். காலையில் இருவர் பார்த்துக்கொள்கிறார்கள், மதியத்துக்கு மேல் மீண்டும் ஒருவர். மாலை ஆறு மணிக்கு மேலான நிலை மாறவில்லை.

இந்தப் பகுதியில் வேறொரு காப்பகத்தில் இதே போன்ற குறைகளைக் கண்டு, பேசியும் பலன் இல்லாதவர்களுக்குச் சில வழிகள் உண்டு. துப்புரவு, தொற்று தொடர்பானவற்றைச் சென்னை மாநகராட்சியின் 1913 எண்ணில் பதிவு செய்து, பகுதிச் சுகாதார ஆய்வாளரை வரச் சொல்லிக் கேட்கலாம். அங்கேயே சமைத்துப் பணம் பெறும் காப்பகமானால் உணவுப் பாதுகாப்புத் துறையின் பதிவோ உரிமமோ இருக்கிறதா என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. குழந்தைக்கு ஊறு நேர்ந்ததாகச் சந்தேகம் வந்தால் கூட்டம் போட்டு விவாதிக்காமல் உடனே 1098 எண்ணை அழைக்க வேண்டும். எந்தப் புகாரானாலும் தேதி, நேரம், அப்போதிருந்த குழந்தைகளின் எண்ணிக்கை, பெரியவர்களின் எண்ணிக்கை ஆகிய நான்கையும் எழுதிக்கொள்ளுங்கள். "அழுக்காக இருக்கிறது" என்று நாங்கள் சொன்னபோதெல்லாம் மறுநாள் தரை கூடுதலாகத் துடைக்கப்பட்டது. "ஆறு மணிக்குப் பதினேழு குழந்தைகளுக்கு ஒருவர்" என்று எழுதிக் கொடுத்த பிறகுதான் பேச்சு நகர்ந்தது.

என் கருத்தில், மூன்று வயதுக்கு மேற்பட்ட குழந்தையை மாலை ஐந்தரைக்குள் அழைத்துக்கொள்ள முடிந்தவர்கள் இந்தக் காப்பகத்தை நம்பலாம். பரிவுள்ள ஆயாக்களும், சொன்னதைக் கேட்கும் நிர்வாகியும் எளிதில் அமைவதில்லை. ஐந்தரைக்கு மேல் ஆகும் என்பவர்கள், ஆறு மணிக்கு மேல் இரண்டாவது ஆள் நியமிக்கப்பட்ட பிறகு சேர்ப்பது நல்லது. ஒன்றரை வயதுக்குட்பட்ட குழந்தையை, மதியத்துக்கு மேலும் அந்த அறையில் இருவர் இருப்பார்கள் என்று எழுத்தில் உறுதி கிடைக்கும் வரை, இப்போதைக்கு அங்கே விடச் சொல்ல என்னால் முடியாது. என் மகளுக்கு இரண்டரை வயது ஆகிறது. அவளைத் தொடர்ந்து அங்கேதான் விடுகிறோம், என் மனைவி அலுவலக நேரத்தை மாற்றிக்கொண்டு ஐந்து மணிக்கு அழைத்துக்கொள்கிறார்.